அர்மான் லுசேரோ என் புருஷன் இல்லை

பளிங்குக் கல் வந்து இறங்கியது, என் புருஷன் உடலை வீட்டில் வைத்திருந்த மூன்றாம் நாள். நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்தார்கள். துக்கத்துக்கு வந்து, எங்கள் வழக்கப்படி உடலுக்குக் காவலாகச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களை மேசையோடு நகரச் சொல்லி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கல்லைச் சாய்த்து வைத்தார்கள். பின்னாலேயே ரசிகர் மன்றத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். அறுபதைத் தொட்டவர்கள். தலைக்கு மை, கையில் கைக்குட்டை. கல்லில் தங்க எழுத்து மின்னியது: ‘அர்மான் லுசேரோ, பாட்டின் இளவரசன்.’

அதில் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க அவரோட அக்காவா?"

"இல்ல. சமையக்காரி" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். "அப்படின்னா எங்களுக்கு ரெண்டு காப்பி கொண்டு வாங்கம்மா. வெயில்ல வந்தோம்" என்றாள்.

காப்பி கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும், கல்லைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொன்னேன். அதற்குத்தான் இப்போது மணிலாவை ஒட்டிய இந்த மலபோன் முழுக்கப் பேச்சு. கிழவிக்குத் திமிர் என்கிறார்கள். என் மகள் சோலேகூட, "அம்மா, ஆசையா செஞ்சு கொண்டுவந்திருக்காங்க. வச்சாத்தான் என்ன?" என்கிறாள். அவள் அதைக் கேட்கலாமா? அவளைக் கையில் வைத்துக்கொண்டுதானே நான் அன்றைக்கு அந்தக் கோயில் வாசலில் நின்றேன்.

பேப்பரில் வேறு போட்டிருக்கிறார்கள். என் புருஷன் மணிலாவில், ஸ்பானிய ரத்தம் கலந்த குடும்பத்தில் பிறந்தானாம். தன்னோடு ஜோடியாக நடித்த லெட்டி மோந்தால்வோவைக் கடைசிவரை மனதிலேயே வைத்திருந்து செத்தானாம். வாய் கூசாமல் எழுதுகிறார்கள். அவன் பேர் நெமேசியோ தங்லாவ். பிறந்தது இதே மலபோனில், மீன் சாறு காய்ச்சும் சந்தில். அந்தச் சந்துக்குள் நுழைகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைவான். அவனுடைய அம்மா இனெஸ், நெத்திலியையும் உப்பையும் குடங்களில் ஊறப்போட்டுச் சாறு இறக்கி விற்றவள். ஸ்டுடியோக்காரர்கள் அவனுக்கு ஒரு ஸ்பானியத் தாத்தாவை உண்டாக்கிப் பத்திரிகையில் போட்டபோது, யாரோ அதை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினார்கள். "எங்கப்பன் ஸ்பானியனா? அப்ப நான் ஏன்டா பொழுதுக்கும் மீன் குடம் கழுவுறேன்?" என்று அவள் கேட்டாள். அவன் மூக்குத் தண்டில் வெளிர்நிறக் கோடு ஒன்று இழுத்துத்தான் காமெரா முன்னால் நிறுத்துவார்கள். சப்பை மூக்கு நிமிர்ந்து தெரியவேண்டுமாம்.

ஆனால் குரலில் யாரும் கை வைக்க முடியவில்லை. அது அவனுடையது. கால்வாயில் படகில் மீன் சாறு கொண்டுபோய், வீட்டுக்கு வீடு பின்வாசலில் கூவி விற்ற பையன் அவன். வீட்டில் நிறைய இருந்தாலும், அவன் கூவுவதைக் கேட்கவே பெண்கள் குடுவையோடு வந்து நிற்பார்கள் என்று மாமியார் சொல்வாள். அதை மட்டும் நான் நம்புகிறேன்.

நான் அவனைப் பார்த்தது ஜப்பான்காரன் காலத்தில். அமெரிக்கப் படம் ஒன்றும் வராது என்றாகிவிட்டதால், மணிலா தியேட்டர்களில் எல்லாம் மேடைக் கச்சேரி, ஆட்டம், கோமாளிக் கூத்து. அவன் பாடுவான். நான் பின்வரிசையில் ஆடுகிறவள். காதல் என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். பசிதான். ஒருநாள் திரைக்குப் பின்னால் சட்டைப் பையிலிருந்து சுட்ட வள்ளிக்கிழங்கு ஒன்றை எடுத்து, அதில் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தான். அந்தக் காலத்தில் ஒருவன் பெரிய பாதியைக் கொடுத்தால் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். சண்டை முடிந்ததும், கூரை இடிந்த ஒரு கோயிலில், பாராசூட் துணியில் தைத்த கவுனோடு அவனைக் கட்டிக்கொண்டேன். நாங்கள் ஒரே மேடையில் வியர்வை சிந்தியவர்கள். அதனால் ஊர் என்ன சொன்னாலும் எனக்கு அவன் ‘அவன்’தான். மெசியோ.

பிறகுதான் தோன் செஃபரீனோ வந்தார். ஸ்டுடியோ முதலாளி. இவனை மேடையில் பார்த்துவிட்டு, கூப்பிட்டு, பாட வைத்து, ஆட வைத்து, கடைசியில் "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டாராம். ஆகிவிட்டது என்றானாம். "பரவால்ல. வெளிய தெரியாம பாத்துக்க" என்றாராம். அதை ஏதோ பெரிய மனதாக வந்து என்னிடம் சொன்னான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பேரை மாற்றினார்கள். லெட்டியை ஜோடியாகப் போட்டார்கள். முதல் படத்தில் அவர்கள் நெல் வயல் நடுவில் நின்று பாடிய பாட்டு நாடு முழுக்க ஓடியது. அப்புறம் அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு ஜோடி ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால், அது சினிமா ஜோடி என்பதை மறந்துவிடுவார்கள். நிஜத்திலும் சேரவேண்டும். எப்போது கல்யாணம், எந்தக் கோயில் என்று பத்திரிகைக்குக் கேட்டு எழுதுவார்கள். மூட்டை மூட்டையாகக் கல்யாணப் பரிசு வரும். தலையணை உறைகள்! ஒரு மூலையில் ‘அர்மான்’, மறு மூலையில் ‘லெட்டி’, நடுவில் புறா. மெசியோ அவற்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான், நல்ல துணி, வீணாக்க வேண்டாம் என்று. என் புருஷனோடு நான் இன்னொருத்தி பேர் மேல் தலை வைத்துத் தூங்கினேன். எத்தனை பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கும்?

அவன் வீட்டுக்கு வருவது சனிக்கிழமை. தெரு வழியாக வந்தால் கூட்டம் கூடிவிடும் என்று, கடல் ஏறும் நேரம் பார்த்துக் கால்வாய் வழியாகப் படகில், சமையல்கட்டுப் படியில் வந்து இறங்குவான். சின்ன வயதில் மீன் சாறு விற்ற அதே வழி. அப்போதாவது வாய் திறந்து கூவிக்கொண்டு வந்தான்.

மூத்தவன் தாமியான் பிறந்தான். பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக்கூடாது என்று மருத்துவச்சி வயிற்றை இறுக்கிக் கட்டி, என்னை அடுப்புச் சூட்டில் படுக்க வைத்திருந்தாள். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள்தான் போனார்கள். திரும்பி வந்து விருந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். சிப்பியும் கணவாயும் போட்ட நூடுல்ஸ், ஊரே மணக்கிறது. என் கொழுந்தன் இசித்ரோ மட்டும் தட்டைத் தொடவில்லை.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல அண்ணி." அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "சாமியார் அப்பன் பேரு கேட்டாரு. ஸ்டுடியோவுலேர்ந்து பாகிட்டோ வந்திருந்தாரு. எம் பேரச் சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன்."

பாகிட்டோ என்பவன் ஸ்டுடியோவில் விளம்பரம் பார்ப்பவன். வெள்ளைச் சூட்டு, வெள்ளைச் சப்பாத்து, ஒட்டிய சிரிப்பு. "இன்னும் ரெண்டு படம் போகட்டும்மா. அப்புறம் திருத்திக்கலாம்" என்று நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். மெசியோ எங்கே இருந்தான்? கோயிலில்தான் இருந்தானாம். கடைசித் தூணுக்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு.

அன்று மாலை படகில் வந்து இறங்கி என் கையைப் பிடித்தான். "வெறும் பேருதானே திரினிங். அவன் எம் புள்ளதானே."

"வெறும் பேருன்னா, உம் பேர எதுக்குடா மாத்தினாங்க?" என்றேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். எனக்கு அன்றைக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. தெம்பிருந்தால் அந்த நூடுல்ஸ் தட்டு பறந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவன் அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் வாய் திறந்து பாடவில்லை. குரல் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் அல்லவா? காதோடு காதாக, மூச்சில் பாடித் தூங்க வைப்பான். பக்கத்து வீட்டு ரேடியோவில் அவன் பாட்டு முழங்கும்போது, தாமியான் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பிச் சிரிப்பான். ஊரில் எவன் எவனோ கேட்ட குரலை என் பிள்ளை சுவர் தாண்டித்தான் கேட்டான்.

தாமியானுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மழைக்காலம். சமையல்கட்டுப் படிவரை தண்ணீர். காய்ச்சல் வந்தது, இறங்கவே இல்லை. மெசியோ பாகியோ மலையில் படப்பிடிப்பில் இருந்தான். தந்தி கொடுத்தோம். பாட்டுக் காட்சி முடிந்துதான் விட்டார்களாம். அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளையைக் குழியில் வைத்து மூடியாகிவிட்டது. அதற்குள் பாகிட்டோ சிலுவை செய்து கொண்டுவந்து நட்டுவிட்டிருந்தான். ஸ்டுடியோ செலவு என்று பெருமையாக வேறு சொன்னான். சிலுவையில் எழுதியிருந்தது: ‘தாமியான், இசித்ரோ தங்லாவின் மகன்.’

நான் அழவில்லை. அழுதுவிட்டால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தேன்.

நவம்பர் முதல் தேதி ஊரே கல்லறைக்குப் போகும். புல் செதுக்கி, சுண்ணாம்படித்து, சிலுவை எழுத்துக்குப் புதுப் பெயிண்ட் பூசி, சோறு கறியோடு நாள் முழுக்க அங்கேயே இருப்போம். கூட்டம் இருக்கும் என்று மெசியோ வரமாட்டான். இசித்ரோதான் மண்டியிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தன் பேர் மேல் தானே தூரிகை ஓட்டுவான்.

"அண்ணி, எனக்குப் பொண்ணு பாத்த வீட்டுல, உனக்கு ஏற்கனவே புள்ள இருந்துச்சாமேன்னு கேக்கிறாங்க" என்பான்.

"உங்கண்ணன்கிட்ட போய்க் கேளு" என்பேன்.

அப்புறம் சோலே பிறந்தாள். வெள்ளைச் சப்பாத்து மறுபடி என் வாசலில் வந்து நின்றது. இந்தத் தடவையும் இசித்ரோ பேர்தானாம். அடுத்த படத்தில் கடைசிக் காட்சி அர்மான், லெட்டி கல்யாணம். நாடே காத்திருக்கிறது. இப்போது போய் எதுவும் வெளியே வந்தால் படம் படுத்துவிடும்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுதும்மா. நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு தெரியும்."

மாமியாரின் குடத்தில் அடிவண்டல் இருந்தது. சாறெல்லாம் இறக்கிய பிறகு மிஞ்சுகிற கறுப்புச் சேறு. அதை அப்படியே அந்த வெள்ளைச் சப்பாத்தின் மேல் ஊற்றினேன். அவன் குதித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து மாமியார், "அடியே, அது நல்ல வண்டல்டி, கத்தரிக்காய்ப் பாத்திக்குப் போட்டிருப்பேனே" என்றாள்.

மெசியோவிடம் நேராகவே கேட்டேன். "நீ வந்து நின்னு உம் பேரச் சொல்லுவியா, மாட்டியா?"

"இந்தப் படம் மட்டும் போகட்டும் திரினிங்."

"போன தடவ சொன்ன படம் போயிருச்சு. புள்ளையும் போயிட்டான்."

அவன் எழுந்து படகுக்குப் போய்விட்டான். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஃபாதர் அன்செல்மோவிடம் போனேன். ஊருக்குப் புதிதாக வந்த சாமியார். பூசையில் யாராவது தூங்கினால் பிரசங்கத்தை நிறுத்தி, பேர் சொல்லி எழுப்புகிறவர். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவருக்குக் காது சிவந்தது.

"என் கோயில்ல பொய்யா? யாரும்மா பொய் சொன்னது?"

"எல்லாரும்தான் ஃபாதர்."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் புரட்டினார். மே மாதக் கடைசியில் சாந்தாக்ரூஸ் ஊர்வலம். ஊர்ப் பெண்கள் ராணிகளாக உடுத்திக்கொண்டு பூ வளைவுகளுக்குக் கீழே நடப்பார்கள். கடைசியாக, எல்லோருக்கும் மேலான எலேனா ராணி வருவாள். அந்த வருஷம் எலேனா ராணி லெட்டி. கைபிடித்து நடப்பவன் அர்மான் லுசேரோ. ஸ்டுடியோ செய்த ஏற்பாடு. "ஊர்வலம் கோயில்லதான் வந்து முடியும். புள்ளையத் தூக்கிட்டு வாசல்ல நில்லு. அப்பன் பேரக் கேக்கிற வேலை என்னோடது" என்றார் ஃபாதர்.

"ஞானத்தாய்?" என்று கேட்டார் பிறகு.

"அதுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பிள்ளைக்கு ஞானத்தாயாக இருக்கச் சொல்லிக் கேட்டால் மறுக்கக்கூடாது. மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது. நடிகைகளிடம் ரசிகைகள் பிள்ளையை நீட்டிக் கேட்பது நடப்பதுதான். லெட்டிக்கு அதற்குள் ஊருக்கு ஒரு ஞானப்பிள்ளை இருந்தது. ஞானத்தாயாகிவிட்டால், அவளும் பிள்ளையைப் பெற்றவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டும்: பெண்ணைக் கும்மாரே, ஆணைக் கும்பாரே. கூடப் பிறந்த மாதிரி. அப்புறம் அவர்களைச் சேர்த்துவைத்து நினைத்தாலே பாவம். சட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, மலபோனில் இருக்கிறது.

அன்று மாலை வெளிச்சம் இறங்கும் நேரத்துக்கு ஊர்வலம் வந்தது. பாண்டு, மெழுகுவத்தி, அழுகை, கூச்சல். "அர்மான்! லெட்டி! எப்போ கல்யாணம்?" லெட்டி கல் பதித்த கவுனில், கனம் தாங்காமல் நடந்துவந்தாள். அவன் அன்னாசி நாரில் நெய்த வெள்ளைச் சட்டையில், அவளுடைய விரல் நுனியைப் பிடித்துக்கொண்டு, படத்தில் சிரிக்கிற சிரிப்போடு வந்தான். வாசற்படியில் நான் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது, முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை.

நான் அவனைப் பார்க்காமல் லெட்டியிடம் பிள்ளையை நீட்டினேன். "மிஸ் லெட்டி, எம் பொண்ணுக்கு ஞானத்தாயா இருப்பீங்களா?"

பாகிட்டோ எங்கிருந்தோ பாய்ந்து வந்தான். "இப்போ வேணாம்மா, மேடம் களைச்சிருக்காங்க!"

கூட்டம்தான் அவனை மடக்கியது. "புள்ளைக்கு மறுக்கக்கூடாது!" என்று ஒரு பெண் கத்தினாள். "பச்சப்புள்ளய்யா, பாவம்!" என்றாள் இன்னொருத்தி. போட்டோக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவனுடைய ரசிகைகளே தள்ளித் தள்ளி எங்களை உள்ளே கொண்டுபோய் ஞானஸ்நானத் தொட்டி முன்னால் நிறுத்தினார்கள். லெட்டி பழகிய சிரிப்போடு சோலேயை வாங்கிக்கொண்டாள். அவனுக்கு மனைவி இருப்பது அவளுக்குத் தெரியும். என் முகம் தெரியாது.

ஃபாதர் அன்செல்மோ சுற்றிலும் பார்த்தார். "புள்ள பேரு?"

"சோலெதாத்."

"அம்மா பேரு?"

"திரினிதாத்."

"அப்பா பேரு?"

இசித்ரோ பின்னாலிருந்து பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினான். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன். மைக் இல்லாமல் தியேட்டரின் கடைசி வரிசைவரை பாடியவன், வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் நின்றான். நான் அவனையே பார்த்தேன். அவன் தொட்டித் தண்ணீரைப் பார்த்தான். அந்த நிமிஷம் அவனை நான் வெறுத்தேன். பொய் சொல்லமாட்டேன்.

பிள்ளை வீறிட்டது. லெட்டி குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அவனை. சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது. பூசையில் வாசகம் வாசிக்கிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்: "கும்பாரே, பேரச் சொல்லுங்க. புள்ள அழுவுது."

கோயிலுக்குள் ஒரே மூச்சாக ஒரு சத்தம் எழுந்தது.

"நெமேசியோ தங்லாவ்" என்றான் அவன், எறும்புக்குச் சொல்கிற மாதிரி.

"காதுல விழல" என்றார் ஃபாதர்.

"யாரது நெமேசியோ?" என்றது கூட்டம்.

பின்வரிசையிலிருந்து மாமியார் எழுந்து நின்றாள். "எம் மகன்டா! ஸ்பானியன் பெத்தது இல்ல, நான் பெத்தது!"

அப்போதுதான் அவனுக்குத் தொண்டை திறந்தது. "நெமேசியோ தங்லாவ். நான்தான்." அது மேடைக் குரல். கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன.

ஃபாதர் தண்ணீர் ஊற்றிய கையோடு கலவரம் தொடங்கியது. மெழுகுவத்திகள் பறந்தன. ஒருத்தி என் தலையில் விசிறியால் அடித்தாள். ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டு, "நாலு மாசம் உக்காந்து தச்சேனே! எந் தலகாணி உறையத் திருப்பிக் குடு!" என்று கதறினாள். கொடுத்திருப்பேன். ஆனால் சோலே அன்றைக்கு அதைத்தான் இடுப்பில் கட்டியிருந்தாள். நனைத்தும் வைத்திருந்தாள்.

லெட்டி பிள்ளையை என்னிடம் கொடுக்கும்போது காதில் சொன்னாள்: "கும்மாரே, உங்க கோவத்துல கொஞ்சம் எனக்கும் குடுங்க. இத்தன வருஷமா எனக்கு வரவே மாட்டேங்குது." அவள் அடுத்த வருஷமே சினிமாவை விட்டு, தனக்குப் பிடித்த ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியா போய்விட்டாள். இப்போது அவள் அனுப்பிய மலர் வளையத்தில் ‘கும்பாரேக்கு’ என்றுதான் இருக்கிறது. பேப்பர்காரனுக்கு அது கண்ணில் படவில்லை.

படம் படுத்தது. தோன் செஃபரீனோ அவனை வெளியே அனுப்பினார். மெசியோ என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மழைக்காலம் முழுக்க இசித்ரோ வீட்டில் படுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே வந்தான். தட்டை வைப்பேன். தின்பான். கழுவி வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் மட்டும் வாய் திறந்தான்.

"என் வாழ்க்கைய முடிச்சிட்ட."

"எது உன் வாழ்க்கை? மூக்குல பூசின கோடா?"

நானும் இறங்கிப் போகவில்லை. எனக்கு ஞாயம் வேண்டியிருந்தது. பாதி ஞாயம்தான் கிடைத்திருந்தது.

நவம்பர் முதல் தேதி வந்தது. நான் சோலேயோடும் சோற்றுக் கூடையோடும் கல்லறைக்குப் போனேன். இசித்ரோ பெயிண்ட் டப்பாவோடு வந்தான். அவனுக்குப் பின்னால் மெசியோ. பட்டப்பகலில், தெரு வழியாக, கண்ணாடி இல்லாமல். ஊர் ஒதுங்கி வேடிக்கை பார்த்தது. அவன் தம்பி கையிலிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டு மண்டியிட்டான். சிலுவையில் இருந்த எழுத்தை வெள்ளை அடித்து மறைத்தான். காயக் காத்திருந்தான். பிறகு கறுப்பில் தோய்த்து, ‘தாமியான்’ என்று எழுதினான். நல்ல கையெழுத்து. ஆயிரக்கணக்கான போட்டோக்களில் கையெழுத்துப் போட்ட கை அல்லவா?

அதற்குக் கீழே அந்தக் கை தானாக ஓடியது. ‘அர்மா’ என்று எழுதிவிட்டது.

அவன் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தான். இசித்ரோ, "ஐயோ அண்ணே" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. நாலு கல்லறை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். "பெத்த புள்ள சமாதியிலுமாடா? இங்கயுமா நடிப்பு?" என்றது நினைவிருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியை அவன் முகத்தில் எறிந்தேன். "தொடச்சிட்டு எழுது! எம் புள்ளைக்கு அந்த ஆள் யாரு? அந்த ஆளை அவன் பாத்ததே இல்ல!"

அவன் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கறுப்பு வெள்ளையில் கலந்து சிலுவையே சாம்பல் நிறமாகிவிட்டது. அதன் மேல் ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘நெமேசியோ தங்லாவின் மகன்’ என்று எழுதினான். எழுத்து கோணல். கையெழுத்துக்குப் பழகிய கைக்கு அந்தப் பேர் வரவில்லை. எழுதி முடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, தாமியானுக்கு ஒருநாளும் வாய்விட்டுப் பாடாத தாலாட்டை, கல்லறை முழுக்கக் கேட்கும்படி பாடினான். அன்றைக்குத்தான் நான் அழுதேன். சாயங்காலம் அவன் எங்களோடு வீட்டுக்கு வந்தான், முன்வாசல் வழியாக.

அதற்கப்புறம் அவன் பெரிய நடிகன் இல்லை. கதாநாயகனுக்கு நண்பன், பிறகு கதாநாயகிக்கு அப்பன், நடுவில் திருவிழா மேடைகள். எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். ஒவ்வொரு நவம்பரிலும் சிலுவையில் அவனே எழுதினான். கடைசிவரை கோணலாகத்தான் எழுதினான்.

நாளைக்கு அவனைப் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் வைக்கப்போகிறோம். அதனால்தான் கல்லைத் திருப்பி அனுப்பினேன், சோலே. ஒரு சிலுவையில் ‘நெமேசியோவின் மகன்’ என்று இருக்கும். பக்கத்துக் கல்லில் ‘அர்மான் லுசேரோ’ என்று இருந்தால், வருகிறவன் போகிறவன் பார்த்துவிட்டு, பாவம், இந்தப் பிள்ளையோட அப்பன் எங்கே கிடக்கிறானோ என்று கேட்பான். அதை மறுபடி கேட்க நான் தயாராக இல்லை. மரச் சிலுவை போதும். இசித்ரோவுக்குக் கை நடுங்குகிறது. தூரிகையை நீ எடு. நான் பேரைச் சொல்கிறேன்.